அச்சத்தால் ஏறும் அழுத்தமும் அசல் இரத்தக் கொதிப்பும்

(திருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வாழ்ந்து வரும் தமிழர்கள், உயர் இரத்த அழுத்தம் என்னும் நோயை 'இரத்தக் கொதிப்பு' என்றே வழங்கி வந்துள்ளனர். கொதிப்பு என்றவுடன் சினமும் பதற்றமும் நினைவிற்கு வருகின்றன. ஆகவே, கோபக்காரருக்குத்தான் இந்நோய் வரும் என்றும், அமைதியான சுபாவம் உள்ளவரை இது அண்டாது என்றும் பலர் எண்ணிக் கொண்டனர். ஆங்கிலச் சொல்லிலும் 'டென்ஷன்' என்னும் ஒலி உள்ளடங்கியிருப்பதால், மனக் கவலை நீங்கினால் நோயும் நீங்கிவிடும் என்ற எண்ணம் மேலும் வலுப்பெற்றது. ஆனால், இரத்தம் கொதிப்பதுமில்லை. நோய் சினத்தால் மட்டும் வருவதுமில்லை. இரத்தக் குழாய்களின் சுவர்மீது இரத்தம் செலுத்தும் அழுத்தம், நாள்தோறும், பல ஆண்டுகளாக, இருக்க வேண்டிய அளவைவிட மிகுந்திருப்பதே இந்நோய். மன அச்சத்தால் சில நிமிடங்கள் ஏறி இறங்கும் அழுத்தம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி என்ன என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

இருவரின் நிலை

எந்த ஊரிலும் காணக்கூடிய இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் அறுபது வயதைக் கடந்த அம்மையார். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்; தோட்டம் கைமாறிய பின் மகனோடு புந்தோங்கில் குடியேறியவர். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அவருடைய அழுத்தம் 168/96 என்று காட்டுகிறது. வீட்டில் மருமகள் அளந்து பார்த்தால் 124/78. அம்மையாருக்கு மாத்திரை எழுதித் தரப்படுகிறது. அதை உண்ட பிறகு காலையில் எழுந்தால் தலைசுற்றுகிறது. குளியலறையில் வழுக்கி விழப் பார்க்கிறார்.

மற்றவர் ஐம்பது வயதுடைய லாரி ஓட்டுநர். குனோங் ராப்பாட்டில் வசிப்பவர். மூன்று முறை அளந்தும் 158/98க்குக் குறையவில்லை. "டாக்டரைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பு, அதனால்தான் ஏறுகிறது, மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி, மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் அவர் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

அம்மையார் இல்லாத நோய்க்கு மருந்து உண்கிறார். ஓட்டுநர் இருக்கும் நோய்க்கு மருந்து உண்ண மறுக்கிறார். இருவருமே ஊகத்தின் மீது நிற்கிறார்கள். ஊகத்தை நீக்கி உண்மையைக் காட்ட வல்லது முறையாக எடுத்த அளவு ஒன்றே.

பால்மரம் சொல்லும் பாடம்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அழுத்தத்தின் இயல்பை விளக்குவது எளிது. விடியுமுன் பெரட்டு முடிந்து, இருள் பிரியும் வேளையிலேயே மரம் வெட்டப் புறப்பட்டதன் காரணம் என்ன? மரப்பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்களில் விடியற்காலையில்தான் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகளின் வழியே நீர் ஆவியாகி, அவ்வழுத்தம் தணிந்து, பால் ஒழுகுவது குறைந்துவிடும். நண்பகலில் ஒரு மரத்தைக் கீறிப் பார்த்துவிட்டு, "இது பால் இல்லாத மரம்" என்று எந்த அனுபவசாலியும் தீர்ப்புச் சொன்னதில்லை. பல நாள் பார்த்த பின்னரே மரத்தின் தன்மையைச் சொல்வர்.

மனித உடலும் அத்தகையதே. உறங்கும்போது அழுத்தம் தாழ்கிறது. விழித்தெழும் வேளையில் உயர்கிறது. மாடிப்படி ஏறினாலும், பாரம் தூக்கினாலும், உரக்கப் பேசினாலும், காப்பி அருந்தினாலும், புகைபிடித்தாலும், சிறுநீரை அடக்கிக் கொண்டிருந்தாலும் உயர்கிறது. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் பல அளவுகள் இருப்பது இயற்கை. ஆகவே, ஒரு வேளையில் எடுத்த ஓர் அளவைக் கொண்டு ஒருவரை நோயாளி என்றோ, நோயற்றவர் என்றோ முடிவு கட்டுவது தகாது.

அச்சம் உடலில் செய்யும் வேலை

அச்சம் தோன்றியவுடன் மூளை ஆபத்து வந்துவிட்டதாகக் கருதி உடலுக்கு அறிவிப்பு விடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. கை நடுங்கும், வியர்க்கும், வாய் உலரும். ஆபத்து இல்லையென்று தெரிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

அசல் உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் ஓசையின்றி வருகிறது. படபடப்பு இல்லை, நடுக்கம் இல்லை. தலைவலி கூடப் பலருக்கு இருப்பதில்லை. அமைதியாக நாளிதழ் படித்துக் கொண்டிருப்பவரின் உடலிலும் அழுத்தம் மிகுந்தே நிற்கும். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அளக்கும் மனிதரே அளவை மாற்றுவது

கையில் பட்டை சுற்றி அழுத்தத்தை அளக்கும் கருவியை 1896ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரீவா ரோச்சி அறிமுகப்படுத்தினார். 1905இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ், முழங்கை மடிப்பில் குழல்மானியை வைத்து ஒலி கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் கண்டறியும் முறையை வகுத்தார். அம்முறை ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக மருத்துவ உலகில் நிலைத்திருக்கிறது.

மருத்துவரைக் கண்டால் அழுத்தம் ஏறும் என்பது நெடுங்காலமாகவே பேசப்பட்டு வந்ததுதான். அது எவ்வளவு ஏறும் என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியவர் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த ஜுசெப்பே மான்சியா. 1983இல் அவரும் அவருடைய குழுவினரும் மருத்துவமனையில் தங்கியிருந்த 48 பேரின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாயைச் செலுத்தி, அழுத்தத்தை இடைவிடாது பதிவு செய்தனர். பின்னர் மருத்துவர் ஒருவர் அறைக்குள் சென்று வழக்கம்போல் பட்டை சுற்றி அளந்தார். மருத்துவர் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் அளவு சராசரியாக 27 புள்ளிகளும், கீழ் அளவு 15 புள்ளிகளும் ஏறின. ஏறத்தாழ எல்லோருக்குமே ஏறியது. முதல் நான்கு நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பத்து நிமிடங்களில் பெரும்பாலும் இறங்கிவிட்டது. 1987இல் அதே குழுவினர் தாதியரைக் கொண்டு அளந்து பார்த்தபோது, ஏற்றம் மருத்துவர் அளந்ததில் பாதியளவே இருந்தது.

இதற்கு அடுத்த ஆண்டில், நியூயார்க்கில் தாமஸ் பிக்கரிங் என்னும் மருத்துவர், எல்லைக்கோட்டில் நின்ற, மருந்து எதுவும் உண்ணாத 292 பேரை ஆராய்ந்தார். நாள் முழுதும் உடலோடு இணைத்திருக்கும் கருவியால் அளந்தபோது, அவர்களுள் 21 விழுக்காட்டினருக்கு, அஃதாவது ஐவரில் ஒருவருக்கு, அன்றாட வாழ்வில் அழுத்தம் இயல்பாகவே இருந்தது. மருத்துவமனையில் மட்டும் உயர்ந்து காணும் இந்நிலையை 'வெள்ளை அங்கி உயர் அழுத்தம்' என்று மருத்துவ உலகம் அழைக்கிறது. மருத்துவரின் வெள்ளை அங்கியைக் கண்டு உடல் துணுக்குறுவதால் இப்பெயர்.

தோட்டத்திலிருந்து வந்த முதியோருக்கு இத்துணுக்குறல் சற்று மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது நோய் தீர்க்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. வேலைக்குச் செல்ல இயலாதவர் உண்மையிலேயே நோயாளியா என்று டிரசர் முடிவு செய்யும் இடமாகவும் அது இருந்தது. அவர் சொல்லும் ஒரு சொல்லில் அன்றைய கூலி அடங்கியிருந்தது. அங்கே அமர்ந்திருந்தவர்களின் நெஞ்சில் படபடப்பு இருந்தது இயற்கையே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாக உருமாறியும் போன பின், அம்மக்கள் நகரத்துச் சுகாதார நிலையங்களின் நீண்ட வரிசையில் வந்து அமர்ந்தனர். பேருந்து பிடித்து, எண் வாங்கி, மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ தம் உபாதையைச் சொல்லத் தடுமாறி, பெயர் அழைக்கப்பட்டவுடன் விரைந்து எழுந்து சென்று கையை நீட்டும் முதியவரின் அளவு உயர்ந்து காணாமல் இருந்தால்தான் வியப்பு. அது சுகாதார நிலையத்தின் குற்றமும் அன்று. முதியவரின் குற்றமும் அன்று.

மறுபக்கத்து ஆபத்து

இவ்வளவும் கேட்டவர்கள், "அப்படியானால் எனக்கும் வெறும் அச்சம்தான்" என்று மகிழ்ந்துவிடலாகாது. ஐவரில் ஒருவருக்கு அச்சம் என்றால், எஞ்சிய நால்வருக்கு அஃது அசல் நோய் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 30 விழுக்காட்டினருக்கு, அஃதாவது ஏறத்தாழ 64 லட்சம் பேருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் அதுவரை அதனை அறியாமலேயே இருந்தனர். பக்கவாதம், மாரடைப்பு, இதயம் தளர்ந்துபோதல், கண்பார்வை மங்குதல் ஆகியவற்றிற்கு இந்நோய் வழி வகுக்கிறது. சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் வாரம் மூன்று நாள் படுத்திருப்போருள், நீரிழிவால் வந்தவர்களுக்கு அடுத்தபடியாக இந்நோயால் வந்தவர்களே மிகுதி.

தொடர்ந்து உயர்ந்து நின்ற அழுத்தத்தைப் பொருட்படுத்தாததன் விளைவிற்கு உலகறிந்த சான்று, அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1937இல் அவருடைய அழுத்தம் 162/98, 1941இல் 188/105, 1944 மார்ச்சில் ஹோவர்டு புருவென் என்னும் இதய மருத்துவர் பரிசோதித்தபோது 186/108. இவை ஒரு நாள் பதற்றத்தில் ஏறிய எண்கள் அல்ல. ஏழு ஆண்டுகளாகத் தொடர்ந்து எச்சரித்த எண்கள். அவருடைய உடல்நிலை நன்றாகவே இருப்பதாக நாட்டு மக்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள், கடும் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அவருடைய மேல் அளவு 300ஐ எட்டியிருந்தது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, 63ஆம் வயதில் அன்றே காலமானார்.

அந்நாளில் நல்ல மருந்து இல்லை என்பதும் உண்மைதான். அவர் மறைந்த நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1949இல், பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் மருத்துவர், சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைத் தணிப்பதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். இந்திய மருத்துவத்தில் மனக் கொந்தளிப்பிற்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாக வழங்கப்பட்ட வேர் அது. ஆயினும், அதனால் சிலருக்கு மனச்சோர்வு உண்டாயிற்று. பின்னர் அதனினும் நல்ல மருந்துகள் வந்துவிட்டமையால் அதன் பயன்பாடு அருகிவிட்டது. ரூஸ்வெல்ட் காலத்தில் அதிபருக்கும் கிடைக்காத மருந்துகள், இன்று அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட் கட்டணத்தில் மலேசியக் குடிமக்களுக்குக் கிடைக்கின்றன. கிடைப்பதை அலமாரியில் வைத்துப் பூட்டுவது அறிவுடைமை ஆகாது.

ஒரு வாரக் கணக்கு

இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் பரிந்துரைக்கும் வழி, வீட்டிலேயே முறையாக அளந்து எழுதி வைப்பதாகும். அதன் விவரம் வருமாறு:

முதலாவது, கருவி. மேற்கையில் பட்டை சுற்றும் மின்னியல் கருவியே நல்லது. மணிக்கட்டில் கட்டுவது அத்துணை நம்பத்தக்கதன்று. பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். வாங்கிய கருவியை ஒருமுறை சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் சென்று, அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சிறப்பு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்போருக்கு இத்தகைய கருவி பிழையாகக் காட்டக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டு நடப்பது முறை.

இரண்டாவது, ஆயத்தம். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகை, உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து அமர வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க, இரு பாதங்களும் தரையில் படிந்திருக்க, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருத்தல் அவசியம். கையை மேசைமீது வைத்து, பட்டை நெஞ்சுக்கு நேராக அமையுமாறு பார்த்துக் கொள்ள வேண்டும். கை தொங்கிக் கொண்டிருந்தாலும், தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக் கொண்டே அளந்தாலும் அளவு உயர்ந்துவிடும்.

மூன்றாவது, கணக்கு. ஏழு நாள்கள், காலையில் இருமுறை, மாலையில் இருமுறை அளக்க வேண்டும். இருமுறைக்கும் இடையே ஒரு நிமிட இடைவெளி போதும். காலையில் மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன்பாகவும், மாலையில் இரவு உணவிற்கு முன்பாகவோ படுக்கைக்குச் செல்லுமுன்னரோ அளக்கலாம். உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் ஒளிக்காமல், நாளும் நேரமும் குறித்து, பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைக்க வேண்டும். முதல் நாள் அளவுகளை விலக்கிவிட்டு, எஞ்சிய ஆறு நாள்களின் 24 அளவுகளுக்குச் சராசரி காண வேண்டும்.

அந்தச் சராசரி 135/85 என்னும் எல்லையை எட்டினாலோ மிஞ்சினாலோ அஃது உயர் அழுத்தம். மேல் எண், கீழ் எண் இவற்றுள் ஒன்று மட்டும் மிஞ்சினாலும் அப்படியே. மருத்துவமனையில் எல்லை 140/90. வீட்டில் மனம் அமைதியாக இருக்குமாதலால் எல்லையும் சற்றுத் தாழ்ந்தது.

இடையிடையே பயம் தோன்றும் போதெல்லாம் கருவியைத் தேடி ஓடக் கூடாது. அளந்து அஞ்சுவதும், அஞ்சி அளப்பதுமாக அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குறித்த வேளையில் மட்டும் அளந்து, எழுதிவிட்டு எழுந்து செல்வதே முறை.

வீட்டில் அளந்தும் ஐயம் தீராவிடில், 24 மணி நேரமும் உடலோடு இணைத்து, பகலிலும் உறக்கத்திலும் தானே அளந்து பதிவு செய்யும் கருவி உண்டு. அதற்கு எங்கே ஏற்பாடு செய்யலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியலாம். அதன் முழுநாள் சராசரிக்கு எல்லை 130/80.

நோட்டுப் புத்தகத்தின் சாட்சி

முன்னர்க் கூறிய அம்மையாரின் நோட்டுப் புத்தகம் வாரம் முழுவதும் 120க்கும் 130க்கும் இடையே காட்டினால், மருத்துவர் மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க அதுவே சான்று. ஓட்டுநரின் நோட்டுப் புத்தகம் தம் வீட்டு நாற்காலியிலேயே 150ஐக் காட்டினால், "டாக்டரைக் கண்ட பயம்" என்னும் சாக்கு அங்கேயே முடிந்துபோகும். தம் உபாதையை மலாய் மொழியில் விளக்கத் தடுமாறும் முதியவருக்கும் அந்தப் புத்தகம் துணை நிற்கும். எண்ணுக்கு மொழி இல்லை; எந்த மருத்துவரும் அதைப் படித்துக் கொள்வார்.

அழுத்தம் நெடுநாள் உயர்ந்திருந்தால் உடல் உறுப்புகளும் அதற்குச் சாட்சி சொல்லும். இதயத் துடிப்பு வரைபடத்தில் இதயத் தசை தடித்திருப்பது தெரியவரலாம். சிறுநீரில் புரதம் கசியலாம். கண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் மாறியிருக்கலாம். இவற்றுள் எதுவும் காணப்பட்டால், அதை வெறும் அச்சம் என்று தள்ளிவிட இயலாது. ஆகவே, மருத்துவர் எழுதித் தரும் இரத்த, சிறுநீர்ச் சோதனைகளைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

இன்னும் இரு நிலைகள்

மருத்துவமனையில் மட்டும் உயர்பவர் முழுதும் கவலையற்றிருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. 2019இல், 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற ஏறத்தாழ 64,000 பேரின் விவரங்களையும் தொகுத்துப் பார்த்தபோது, மருந்து உண்ணாத வெள்ளை அங்கி உயர் அழுத்தம் உடையோருக்கு, இயல்பான அழுத்தம் உடையோரைவிட இதய நோய் ஆபத்துச் சற்று மிகுதியாகவே இருந்தது. இவர்களுள் சிலருக்குப் பிற்காலத்தில் அசல் நோய் வந்துவிடுகிறது. ஆகவே, மாத்திரை தேவைப்படாதவரும் ஆண்டிற்கு ஒரு முறையேனும் அந்த ஒரு வாரக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மருத்துவமனையில் அமர்ந்திருக்கும்போது இயல்பாக இருந்து, வீட்டிலோ வேலையிடத்திலோ ஏறிவிடும் அழுத்தம் அது. மறைந்திருக்கும் உயர் அழுத்தம் என்று அதனைக் கூறலாம். புகைபிடிப்போர், மது அருந்துவோர், நீரிழிவு உடையோர், உறக்கத்தில் மூச்சுத் திணறிக் குறட்டை விடுவோர் ஆகியோர் இதில் கவனமாக இருத்தல் வேண்டும். "ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்" என்பது இவர்களுக்கு முழு உறுதி ஆகாது.

திடீர் திடீரென்று அழுத்தம் எகிறி, கூடவே கடும் தலைவலியும் வியர்வையும் நெஞ்சுப் படபடப்பும் வந்து போகுமாயின், அதனை மனப்பதற்றம் என்று தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அரிதாக, அட்ரினல் சுரப்பியில் தோன்றும் கட்டியாலும் அவ்வாறு நேரும். தைராய்டு சுரப்பி மிகையாக இயங்கினாலும் படபடப்பு உண்டாகும். இவற்றைச் சோதித்து விலக்கிய பின்னரும் பதற்றம் நீடித்தால், அதுவும் மருத்துவம் உள்ள ஒரு நோயே. அதற்கு மருத்துவரை நாடுவது வெட்கப்பட வேண்டிய காரியமன்று.

அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பே போதுமென்கிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் உட்கொள்வதாக 2017, 2018ஆம் ஆண்டுகளின் சமூக உப்பு ஆய்வு தெரிவித்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சோயா சாறு ஆகியவற்றில் உப்பு மறைந்திருக்கிறது.

மூட்டுவலிக்காகக் கடைகளில் வாங்கி உண்ணும் சில வலி நிவாரணி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும். முத்திரையோ பதிவெண்ணோ இல்லாத 'ஜாமு' மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. அதுவும் அழுத்தத்தை உயர்த்தும். நாட்டு மருந்தான அதிமதுரத்தையும் அளவு மீறி நெடுநாள் உட்கொண்டால் அழுத்தம் ஏறும். இவற்றை உண்போர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மெதுவாக மூச்சை இழுத்து விடுதலும், தியானமும், நடைப்பயிற்சியும் நன்மை தருவனவே. அச்சத்தால் ஏறிய அழுத்தம் அவற்றால் விரைவில் தணியும். அசல் நோய்க்கு அவை துணை நிற்குமேயன்றி மருந்துக்கு மாற்றாக நில்லா.

திருவிழாக் காலத்தில் இரு செய்திகள் மனத்தில் இருத்தத் தக்கன. ஒன்று, தைப்பூசம் போன்ற விழாக்களுக்கு விரதம் இருப்போர், விரதத்தைக் காரணங்காட்டித் தாமாகவே மாத்திரையை நிறுத்தலாகாது. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் வேகமாக ஏறும். உணவு குறையும் நாள்களில் மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவரைக் கேட்டு அமைத்துக் கொள்வதே முறை. மற்றொன்று, ஆலய வளாகங்களில் நடைபெறும் இலவசப் பரிசோதனைகள். புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை வெயிலில் நடந்து வந்து, மேளச் சத்தத்தின் நடுவே, நின்ற கோலத்தில் கையை நீட்டினால் கிடைக்கும் எண் எதையும் முடிவு செய்யாது. தொண்டர்கள் அமைதியான இடத்தில் நாற்காலி போட்டு, ஐந்து நிமிடம் அமரச் செய்து, இருமுறை அளந்து, உயர்ந்து காணப்பட்டவரிடம் "உங்களுக்கு இரத்தக் கொதிப்பு" என்று அறிவிக்காமல், "ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பினால், அதுவே பெருந்தொண்டாகும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் இவற்றிற்கெல்லாம் விலக்கு. அழுத்தம் 180/120ஐ எட்டி, அதனோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் எதுவும் தோன்றினால், அச்சமா நோயா என்று ஆராய்ந்து கொண்டிருக்க நேரமில்லை. உடனே 999ஐ அழைக்க வேண்டும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய குறிகள் தோன்றினால், அழுத்தம் எவ்வளவாக இருப்பினும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

அன்பர்களே! அச்சத்தால் ஏறும் அழுத்தத்திற்கு அஞ்சி அஞ்சிச் சாவதும் வேண்டா. அசல் நோயை அச்சமென்று பெயரிட்டு மறைப்பதும் வேண்டா. மருத்துவரின் ஒப்புதலின்றி எவரும் இவ்வுரையைக் கேட்டு மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டா. ஒரு கருவியைக் குடும்பத்தார் பகிர்ந்து கொள்ளலாம். இரண்டு, மூன்று வீடுகள் சேர்ந்தும் வாங்கிக் கொள்ளலாம். எண் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பாட்டிக்கு அளந்து எழுதித் தரலாம். நாளொன்றுக்குக் கால் மணி நேரம், வாரத்திற்கு ஏழு நாள், ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவே செலவு. தேவையற்ற மாத்திரையால் வரும் தலைசுற்றலையும், தேவையான மாத்திரையை விட்டதால் வரும் பக்கவாதத்தையும் ஒருங்கே தவிர்க்க வல்ல முயற்சி இது. விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒரு வாரக் கணக்கைத் தொடங்குமாயின், இவ்வுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.

அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்றுச் சிறக்க வாழ்த்துகள்.